நிறுத்தியவரிடம் கேட்கும் முதல் கேள்வி

(சூளூர்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய தமிழ்ச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயந்திரங்களைப் பற்றி எந்த ஊரில் வேண்டுமானாலும் பேசிவிடலாம். சூளூர்பேட்டையில் பேசும்போது கொஞ்சம் பயம் வரத்தான் செய்கிறது. தினமும் புலிக்காட் ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு ஷிஃப்ட் வண்டி ஏறுகிற பெண்கள் இருக்கிறீர்கள். விடிகாலை ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறீர்கள். நாள் முழுக்க இயந்திரத்தோடு பழகுகிற உங்களுக்கு அதைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. அதனால் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற மனிதர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்தச் சொற்பொழிவுக்குப் பொருளாக ‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்று போட்டிருக்கிறார்கள். 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஆய்வு வடிவம் தந்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. தன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறிவது, எதிரில் இருப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறிவது, அந்த அறிவைக்கொண்டு நடந்துகொள்வது. இலக்கணம் இவ்வளவுதான். இதற்கு மேல் இலக்கணம் பேசாமல், உங்கள் கண்முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் ஏவுதளத்தில் நிற்கிறது. விண்வெளி வீரர்களை ஆபத்திலிருந்து மீட்கும் அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. எட்டு மணி என்று குறித்த நேரம் வானிலையால் எட்டே முக்கால் ஆனது. உங்களில் பலர் மொட்டை மாடியில் நின்று பார்த்திருப்பீர்கள். கடைசி நிமிடங்களில் மனிதர்கள் கை எடுத்துவிடுவார்கள். கணினிதான் வரிசையாக எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொண்டு போகும். எண்ணிக்கை ஐந்துக்கு வந்தபோது கணினி நிறுத்திவிட்டது. எஞ்சின் பற்றவில்லை. இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் நேரலையில் வந்து, எஞ்சின் பற்றவேண்டியபடி பற்றவில்லை, என்ன ஆனது என்று பார்க்கப் போகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கண்காணிப்பு அமைப்பில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பத்து மணிக்குக் கலம் மேலே போனது. சோதனை வெற்றி.

நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்றேகால் மணி நேரம் என்னை வியக்க வைக்கிறது. கணினி நிறுத்தியதில் வியப்பில்லை, அதற்காகத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நிறுத்தியபின் அந்த அறையில் மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில்தான் என் கவனம். அந்த நிதானம் ஒரே நாளில் வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதுவும் இதே ஸ்ரீஹரிகோட்டா தீவில்தான் நடந்தது.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். இருபத்திரண்டு மீட்டர் உயரம், பதினேழு டன் எடை, நான்கு கட்டங்கள். செயற்கைக்கோளைச் சொந்த ராக்கெட்டில் அனுப்பும் இந்தியாவின் முதல் முயற்சி. பொறுப்பில் இருந்தவர் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். வயது நாற்பத்தேழு. அன்று நடந்ததை அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கவுண்ட்டவுன் முடியப்போகும் நேரத்தில் கணினி ‘ஹோல்டு’ போட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பது தெரிந்தது. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, இருப்பு போதுமான அளவு இருக்கிறது, ஏவலாம் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவெடுத்தார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. ஐந்தேகால் நிமிடத்தில் எல்லாம் முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஒரு வால்வு மூடாமல் திறந்தே இருந்ததால் நைட்ரிக் அமிலம் கசிந்துபோய்விட்டது. தேவைப்பட்ட நேரத்தில் ராக்கெட்டைத் திருப்ப விசை இல்லை.

கணினி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரியில் இதை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. கணினிக்குத் தெரிந்தது ஒரு அளவு, அதற்கு ஒரு வரம்பு. ஆனால் அந்த அறையில் பத்தாண்டு உழைப்பு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த களைப்பு இருந்தது. இன்று விட்டால் இனி எப்போது என்ற தவிப்பு இருந்திருக்கும். இந்தத் தவிப்பு எந்த மானியிலும் காட்டாது. ஆனால் இருப்பு போதும், போதாது என்று முடிவு செய்யும் மனத்தில் அது உட்கார்ந்திருக்கும். தன் முடிவில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு தவிப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது பொறியியலைச் சேர்ந்த திறமை. அதைப் பாடத்திட்டத்தில் வைக்காமல் விட்டது நம் கல்லூரிகளின் குறை.

அதன் பின் நடந்தவைதான் நான் உங்களிடம் நிதானமாகச் சொல்ல விரும்புபவை.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் கலாமை முன்னால் தள்ளவில்லை. தானே போய் உட்கார்ந்தார். தோல்விக்குத் தன் பொறுப்பை ஏற்றார். என் அணியின் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெற்றி பெறுவோம் என்ற கருத்தில் பேசினார். கேள்விகள் எல்லாம் அவர் மீது விழுந்தன.

அன்று பிற்பகல் நடந்தது அவ்வளவாக யாரும் பேசாத ஒன்று. கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். களைப்பிலும் துயரத்திலும் அவர் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். மாலை நெருங்கும்போது யாரோ எழுப்புகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் டாக்டர் பிரம்ம பிரகாஷ் நிற்கிறார். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர், நாடறிந்த உலோகவியல் அறிஞர், கலாமைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். சாப்பிட்டாயா, வா, சாப்பிடப் போகலாம் என்று அழைக்கிறார். அதற்கு முன் இரண்டு முறை வந்து பார்த்து, தூங்குகிறாரே என்று திரும்பிப் போனார் என்பது பிறகுதான் கலாமுக்குத் தெரியவருகிறது. அவ்வளவு நேரமும் அந்தப் பெரியவரும் சாப்பிடாமல் காத்திருந்தார். சாப்பிடும்போது எஸ்.எல்.வி. பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்.

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோல்வி அவருக்கும் தோல்விதான். அவருடைய மையத்தின் ராக்கெட் அது. அவருக்கும் மனம் உடைந்திருக்கும். அந்த நிலையில் ஒருவன் தூங்கட்டும் என்று விடவேண்டிய நேரம் எது, எழுப்பவேண்டிய நேரம் எது, எதைப் பேசக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு எந்தப் பயிற்சிப் பட்டறையும் சான்றிதழ் தரவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் துக்க வீட்டில் நடந்துகொள்ளும் முறை இது. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவைப்பது போல அதைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகப் பழகிவிட்டோம்.

மறுநாள் ஆகஸ்ட் 11, ஆய்வுக் கூட்டம். எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள். தோல்விக்கான தொழில்நுட்பக் காரணங்களை ஒவ்வொருவராக அடுக்கினார்கள். பின்னர் ஆய்வு முடிவுகளை முன்வைத்த கூட்டத்தில் கலாம் எழுந்து, கசிவு தெரிந்தபோதே ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாதது என் பொறுப்பு என்று தானே சொன்னார். யோசித்துப் பாருங்கள்: தோல்வி நாளிலேயே அவரைப் பலிகொடுத்திருந்தால், பின்னர் அவர் அப்படி எழுந்து நின்று சொல்லியிருப்பாரா? தற்காப்புக்குக் காகிதங்களோடு வந்திருப்பார். கசிவைப் பற்றிய உண்மை அந்தக் காகிதங்களுக்கு அடியில் போயிருக்கும். தவான் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்ததும், பிரம்ம பிரகாஷ் சாப்பிடக் கூப்பிட்டதும் வெறும் நல்ல குணம் என்று நான் நினைக்கவில்லை. உண்மையான தகவல் வெளியே வர அவை வழி திறந்தன. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் அடுத்த பயணத்தில், 1980 ஜூலை 18 அன்று, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. கலாம் சொன்ன வரலாற்றின்படி, அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பை நீயே நடத்து என்று தவான் ஒதுங்கிக்கொண்டார்.

இந்த விதை நிறுவனத்துக்குள் முளைத்தது என்பது என் கணிப்பு. 2013 ஆகஸ்ட் 19, ஜி.எஸ்.எல்.வி.-டி5 ராக்கெட். அதற்கு முன் 2010இல் மட்டும் இரண்டு ஜி.எஸ்.எல்.வி. தோல்விகள். பெரும் நெருக்கடி. ஆனாலும் ஏவுவதற்கு எழுபத்து நான்கு நிமிடம் முன்பு எரிபொருள் கசிவு தெரிந்ததும் நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று வென்றார்கள். 2019 ஜூலை 15 பின்னிரவு, சந்திரயான்-2. குடியரசுத் தலைவரே வந்து அமர்ந்திருக்கிறார். ஐம்பத்தாறு நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில், ஜூலை 22இல், ஏவினார்கள். நாட்டின் முதல் குடிமகன் முன்னிலையில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல ஓர் அணிக்கு முடிகிறது என்றால், அப்படிச் சொன்னவர் மறுநாள் தலைகுனிந்து நடக்கவேண்டி வராது என்ற உறுதி உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அந்த உறுதி இல்லாத இடங்களில் என்ன நடந்தது? 1986 ஜனவரி 27 இரவு. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் மறுநாள் கிளம்பவேண்டும். கடும் குளிர். ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் இந்தக் குளிரில் வேலை செய்யாது, ஏவவேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போயிஸ்ஜோலியும் சக பொறியாளர்களும் மன்றாடினார்கள். பொறியாளராக யோசிப்பதை விட்டு நிர்வாகியாக யோசி என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மேலதிகாரி இன்னொருவரிடம் சொன்னார். மறுநாள் எழுபத்து மூன்றாவது நொடியில் ஏழு உயிர்கள் போயின. தகவல் இருந்தது, தரவு இருந்தது. சொன்னவர்களைக் கேட்கும் காது இல்லை.

அதற்கு முன் 1977 மார்ச் 27, டெனரிஃப் விமான நிலையம். பனிமூட்டம். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நகர்ந்து விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் சந்தேகமாகக் கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. இதற்குப் பின்தான் விமானத் துறை விழித்துக்கொண்டது. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டி, விமானிகள் அறையில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும் விதத்தையே பாடமாக்க வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கி வைத்தது. மூத்தவரிடம் இளையவர் எப்படிச் சந்தேகத்தைச் சொல்வது, மூத்தவர் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதை இன்று விமானிகளுக்குக் கட்டாயமாகக் கற்றுத் தருகிறார்கள். விமானத்தில் தானியக்கம் கூடக்கூட இந்தப் பாடமும் கூடியதே தவிர, குறையவில்லை.

உங்கள் ஆலைகளுக்கு வருகிறேன். லைனில் இயந்திரம் திருகாணி முடுக்குகிறது, கேமரா தரம் பார்க்கிறது, மேலே பலகையில் மணிக்கு எத்தனை என்ற இலக்கும் நடந்த எண்ணிக்கையும் ஓடுகின்றன. லைனில் நிற்பவர் பத்தொன்பது, இருபது வயதுப் பெண். ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர். ஏதோ சத்தம் மாறியிருக்கிறது, அல்லது பாகம் கையில் வேறு மாதிரி உட்காருகிறது. கேமரா பச்சை காட்டுகிறது. இவருக்கு மட்டும் சந்தேகம். நிறுத்துகிறார். சூப்பர்வைசர் வருகிறார்.

அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது? “யாரைக் கேட்டு நிறுத்தினே?” என்பதா, “என்னம்மா பார்த்தே?” என்பதா? முதல் கேள்வியை ஒரே ஒருமுறை கேட்டால் போதும். அந்த லைனில் உள்ள முப்பது பேரும் அதைக் கேட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். பழுதுபட்ட பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் நிர்வாகத்துக்குத் தெரியவரும். இல்லையென்றால் ஒருவருடைய விரல் போன பிறகு. ஜப்பானில் டொயோட்டா ஆலைகளில் லைனை ஒட்டி ஒரு கயிறு கட்டினார்கள். சந்தேகம் வந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். உடனே அணித் தலைவர் உதவிக்கு ஓடிவரவேண்டும். உலகமெங்கும் பல நிறுவனங்கள் அந்தக் கயிற்றை நகலெடுத்தன. ஓடிவருகிறவர் உதவ வருகிறாரா, அதட்ட வருகிறாரா என்பதை நகலெடுக்காத இடங்களில் கயிறு தூசி படிந்து தொங்கும்.

போபாலில் 1984 டிசம்பரில் நடந்த பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான செய்முறைகள் உள்ள ஆலையில், உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகக் கருதும் தொழிலாளிக்கு நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமையை அது கொடுத்தது. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அந்த இருபது வயதுப் பெண் வாயைத் திறப்பதற்கான தைரியத்தை எந்தச் சட்டப் பிரிவும் தராது. அதைத் தரவேண்டியவர் அவருக்கு நேர்மேலே இருக்கும் அந்த ஒரு மனிதர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இன்று பல நிறுவனங்கள் உணர்வுசார் நுண்ணறிவு என்ற பெயரில் கடைநிலை ஊழியருக்குத்தான் வகுப்பு எடுக்கின்றன. கோபப்படாதே, புன்னகை செய், அழுத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொள் என்கின்றன. ஷிஃப்ட்டை நீட்டிவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது நியாயமில்லை. ஆர்லி ஹாக்ஷில்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையையே சரக்காக விற்கவேண்டிய வேலை ஒருவரைத் தன் சொந்த உணர்விலிருந்தே எப்படி அந்நியமாக்குகிறது என்று எழுதினார். இன்று அழைப்பு மையங்களில் பேசுபவரின் குரல் தொனிக்கு மென்பொருள் மதிப்பெண் போடுகிறது. அப்படி அளக்கப்படும் கனிவு கனிவு ஆகாது. உணர்வை அறிந்து நடக்கும் கடமை அதிகாரத்தின் அளவுக்கு ஏற்பக் கூடவேண்டும். யாருக்குப் பிறரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் இருக்கிறதோ, அவருக்கே முதல் வகுப்பு. தவானும் பிரம்ம பிரகாஷும் மேலே இருந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு இப்போது ஆறுதலாகக்கூடப் பேசுகிறதே, சார், இதையும் அது செய்துவிடாதா? பேசும், நன்றாகவே பேசும். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பழியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அதற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது முறையாகக் கதவருகே வந்து பார்க்க அதற்குப் பசி இல்லை. ஒருவர் தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் நம் பக்கம் நிற்கிறார் என்பதால்தான் நாம் அவரை நம்பி உண்மையைச் சொல்கிறோம்.

இங்கே மேலாளர்களாக, பொறியாளர்களாக, லைன் லீடர்களாக இருப்பவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைத்துவிட்டு விடைபெறுகிறேன். சந்தேகத்தால் லைனை நிறுத்திய நேரத்தை அந்தத் தொழிலாளியின் இலக்கிலிருந்தும் ஊக்கத்தொகையிலிருந்தும் கழிக்காதீர்கள். சந்தேகம் தவறாகவே இருந்தாலும் கழிக்காதீர்கள். இதை வாய்ப்பேச்சாக விடாமல், தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, இலக்குப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். நாளைக் காலை ஷிஃப்ட்டில் யாராவது நிறுத்தினால், அவரிடம் போய் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் முழுதாக வரும்வரை காத்திருங்கள்.